கடலைக்காட்டில் கிடைத்த முயல் குட்டிகள்: வளர்ப்பதா, திருப்பி விடுவதா?

நேற்றுக் காலை கடலை பறித்தபோது செடிகளுக்கு நடுவே மூன்று முயல் குட்டிகள் கிடந்தன என்றும், ஆள் சத்தம் கேட்டு ஓடிய தாய் முயல் பிறகு கண்ணில் படவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். குட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து அட்டைப்பெட்டியில் வைத்து, பசும்பாலில் தண்ணீர் கலந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்டுகிறீர்கள். இரண்டு குட்டிகள் குடிக்கின்றன, ஒன்று வாயைத் திறக்கவே மறுக்கிறது. எந்தப் பால் கொடுப்பது, எத்தனை வேளை கொடுப்பது, பக்கத்து வீட்டில் ஈன்றிருக்கும் வளர்ப்பு முயலிடம் விடலாமா என்பவை உங்கள் கேள்விகள். இவை எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் இவற்றுக்கு முன்பாகத் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தக் குட்டிகள் உண்மையிலேயே தாயை இழந்தவைதானா? நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இல்லை என்றே நினைக்கிறேன். அப்படியானால் இன்று பொழுது சாய்வதற்குள் அவற்றைத் திரும்பக் கொண்டுபோய் விடுவதே நீங்கள் செய்யக்கூடிய மிகச் சிறந்த பராமரிப்பு.

நான் கால்நடை மருத்துவன். மானாவாரி நிலம் மிகுந்த வட்டாரங்களின் கால்நடை மருந்தகங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியிருக்கிறேன். கடலை அறுவடையின்போதும் கரும்பு வெட்டின்போதும் துண்டில் சுற்றியும், சாப்பாட்டுத் தூக்கில் வைத்தும், சட்டைப் பையில் போட்டும் முயல் குட்டிகளைக் கொண்டுவருவார்கள். கொண்டுவருபவர் எல்லோரும் இரக்கத்தால்தான் கொண்டுவருகிறார்கள். அந்த இரக்கமே பல குட்டிகளின் உயிருக்கு உலையாகிவிடுவதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்தவன் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பெட்டியில் இருப்பது எந்த விலங்கு என்பது தெளிவாக வேண்டும். முயல் குட்டிகளைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி அமெரிக்காவின் பஞ்சுவால் முயலைப் பற்றியது. நம் ஊர் முயல் வளர்ப்புக் கையேடுகளில் இருப்பது ஐரோப்பியக் குழிமுயலின் வழிவந்த பண்ணை முயலைப் பற்றியது. கொடைக்கானல் மலையின் மன்னவனூரிலும் நீலகிரியின் சாண்டிநல்லாவிலும் உள்ள அரசு ஆராய்ச்சி நிலையங்களில் வளர்க்கப்படுபவை இந்தப் பண்ணை முயல்கள்தாம். இவ்விரு வகைகளின் குட்டிகளும் மயிரில்லாமல், கண் மூடிய நிலையில் பிறந்து, தாய் தன் மயிரைப் பிடுங்கி மெத்தையிட்ட கூட்டுக்குள் கிடக்கும். நம் காடுகளிலும் வயல்வரப்புகளிலும் ஓடுகிற காட்டுமுயலான கருங்கழுத்து முயல் அந்த இனமே அல்ல. அது வளை தோண்டாது, கூடு கட்டாது. புல்லுக்கிடையில் தரையை அழுத்திச் செய்த சிறு பள்ளமான கிடையில்தான் படுக்கும், அங்கேயே ஈனும். அதன் குட்டி உடல் முழுவதும் மயிருடன், கண் திறந்த நிலையில் பிறக்கும். பிறந்த அன்றே தத்தி நகரும். பல குட்டிகளுக்கு நெற்றியில் சிறிய வெள்ளைப் பொட்டு இருக்கும். உங்கள் குட்டிகளுக்குக் கண் திறந்திருக்கிறது, மயிர் இருக்கிறது என்பதால் அவை இரண்டு வாரம் ஆனவை என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது பண்ணை முயலின் கணக்கு. இங்கே அது பொருந்தாது.

காட்டுமுயலின் தாய் தன் குட்டிகளோடு படுத்திருப்பதில்லை. இதை மட்டும் எல்லோரும் அறிந்திருந்தால் பாதிக் குட்டிகள் வீடு வந்து சேராது. தாயின் உடல் மணம் நரிக்கும் நாய்க்கும் வழிகாட்டிவிடும் என்பதால், அது பகல் முழுவதும் குட்டிகளை விட்டு விலகியே இருக்கிறது. குட்டிகளுக்கு அந்த வயதில் மணம் மிகக் குறைவு. அசையாமல் மண்ணோடு மண்ணாகப் படுத்திருப்பதே அவற்றின் ஒரே பாதுகாப்பு. பொழுது மறைந்த பிறகு தாய் வந்து சில நிமிடங்கள் பால் கொடுத்துவிட்டு மறுபடி விலகிவிடும். ஐரோப்பியக் காட்டுமுயலில் இது நன்கு ஆராயப்பட்டிருக்கிறது: ஒரு நாளைக்கு ஒரே வேளை, சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குள், அதுவும் சில நிமிடங்கள் மட்டுமே. பிறந்த மூன்றாம் நாள் வாக்கில் குட்டிகள் ஆளுக்கொரு மூலையாகப் பிரிந்து தனித்தனியே படுக்கத் தொடங்கி, அந்தி நேரத்தில் மட்டும் பிறந்த இடத்தில் ஒன்றுகூடிப் பால் குடிக்கும். அந்த வழக்கத்தைக் கொண்டு பார்த்தால், மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்த உங்கள் குட்டிகளுக்கு வயது இரண்டு அல்லது மூன்று நாளுக்கு மேல் இருக்க வாய்ப்பில்லை. நேற்றுக் காலை ஓடிய தாய் பகலில் திரும்பாததும் இயல்பு. இரவில் வந்து தேடியிருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நேர வாரியான இந்தத் துல்லியமான கணக்கு ஐரோப்பிய இனத்திலிருந்து வந்தது. நம் கருங்கழுத்து முயலுக்கும் இதே பொதுவான வழக்கம்தான் என்பதை, திரும்ப விடப்பட்ட குட்டிகள் மறுநாள் காலை வயிறு நிறைந்து கிடந்ததிலிருந்து நானும் விவசாயிகளும் கண்டிருக்கிறோம். ஆனால் இத்தனையாவது நிமிடத்தில் தாய் வரும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன்.

‘மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது’ என்ற நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. அது சரியன்று. கை பட்ட குட்டிகளுக்குத் தாய் பால் கொடுப்பது எத்தனையோ முறை காணப்பட்ட ஒன்று. ஒரு நாள், ஒன்றரை நாள் இடைவெளிக்குப் பிறகும் சேர்த்துக்கொள்ளும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. நாள் கூடக் கூட அது குறையும். ஆகவே இன்று மாலையைத் தவறவிடாதீர்கள். குட்டிகள் சுறுசுறுப்பாக, உடல் சூடாக, காயமில்லாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பொழுது சாய்வதற்குச் சற்று முன்பு, கிடைத்த இடத்திலிருந்து பத்துப் பதினைந்து அடிக்குள், பறிக்காமல் விட்ட செடியோ வரப்புப் புல்லோ மறைவாக இருக்கும் இடத்தில் மூன்றையும் ஒன்றாக வையுங்கள். நிலம் முழுவதும் பறித்து வெறுமையாகிவிட்டால் கடலைக்கொடியைத் தளர்வாக ஒரு கை உயரத்துக்குப் போட்டு, தாய் உள்ளே நுழைய வழி விடுங்கள். எறும்புப் புற்று இருக்கும் இடத்தைத் தவிருங்கள். குட்டிகளின் வாயிலும் கழுத்து மயிரிலும் ஒட்டிக் காய்ந்திருக்கும் பாலை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். பால் வாடைக்கு எறும்பு மொய்த்து, கண்ணோரம் கடிபட்டு வீங்கிப்போன குட்டியை நான் பார்த்திருக்கிறேன். ஊர் நாய்களை அன்று இரவு அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அங்கிருந்து போய்விடுங்கள். டார்ச் அடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் தாய் வராது.

மறுநாள் விடிந்ததும் ஒருமுறை மட்டும் போய்ப் பாருங்கள். வயிறு உருண்டு, தோல் இறுக்கமாக, தொட்டால் சூடாக இருந்தால் தாய் வந்திருக்கிறது. அப்படியே விட்டு வந்துவிடுங்கள். குட்டிகளே அந்த இடத்தில் இல்லை என்றால், சுற்றிலும் இரத்தமோ பிய்ந்த மயிரோ இல்லாதவரை, அவை இடம் மாறியிருக்கின்றன என்றே கொள்ளலாம். வயிறு ஒட்டி, கழுத்துத் தோலை இழுத்துவிட்டால் மெதுவாகத் திரும்பும் அளவுக்கு வாடியிருந்தால் மட்டுமே திரும்ப எடுத்து வர வேண்டும்.

தாய் உண்மையிலேயே இல்லாமல் போகும் நிலைமைகளும் உண்டு. சாலையில் அடிபட்டோ, சுருக்கில் சிக்கியோ, நாய் கடித்தோ பால் கட்டிய மடியுடன் தாய் செத்துக் கிடந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. குட்டியின் உடலில் காயம், மயிரில் வெள்ளை எள் போல ஒட்டியிருக்கும் ஈமுட்டை, உடல் சில்லிட்டுப்போதல், ஓயாமல் கத்துதல் ஆகியவையும் உதவி தேவை என்பதற்கான அடையாளங்கள். பூனை கவ்விய குட்டி என்றால் வெளியில் புள்ளிபோலத் தெரியும் காயமே உள்ளே சீழ் வைத்துக் கொன்றுவிடும். அதை அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அப்படிக் காட்டும்போது, வாய்வழி அமாக்சிசிலின், பெனிசிலின் வகை மருந்துகள் முயலின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து உயிருக்கே ஆபத்தாகும் என்பதைத் தயக்கமின்றி நினைவூட்டுங்கள். மாடும் ஆடும் மட்டுமே பார்த்துப் பழகிய மருத்துவருக்கு அவசரத்தில் இது தோன்றாமல் போகலாம்.

இனி, குடிக்க மறுக்கும் உங்கள் மூன்றாவது குட்டியைப் பற்றி. அதற்கு வலுக்கட்டாயமாக எதையும் ஊற்றாதீர்கள். பெரும்பாலும் அது பசியில்லாமல் மறுப்பதில்லை. உடல் குளிர்ந்துபோனதால் விழுங்க முடியாமல் இருக்கிறது. காதையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். உங்கள் விரலைவிடக் குளிர்ந்திருந்தால் முதல் மருந்து சூடுதான். ஒரு பாட்டிலில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பி, பருத்தித் துணியில் சுற்றி, பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள மறுபாதி வேண்டும். பல்பைத் தொங்கவிட்டுக் கோழிக்குஞ்சைப் போல வாட்ட வேண்டாம். அரை மணி, முக்கால் மணி நேரத்தில் உடல் சூடாகி அசையத் தொடங்கிய பிறகு, விதிப்படி கரைத்த ஓ.ஆர்.எஸ். நீரை வெதுவெதுப்பாக, சொட்டுச் சொட்டாக உதட்டோரம் வைத்து நக்கவிடுங்கள். பால் அதற்குப் பிறகுதான்.

பசும்பால் ஏன் ஆகாது என்பதற்குக் காரணம் எளிது. பசும்பாலில் கொழுப்பு ஏறக்குறைய 4 சதவீதம், பால்சர்க்கரை 5 சதவீதத்தை ஒட்டி. பண்ணை முயலின் பாலில் கொழுப்பும் புரதமும் தனித்தனியே 12 சதவீத அளவில் இருக்கும்; ஐரோப்பியக் காட்டுமுயலின் பாலில் கொழுப்பு 20 சதவீதத்தைத் தொடும். பால்சர்க்கரையோ இரண்டிலும் 2 சதவீத அளவுதான். ஒரு நாளைக்கு ஒரே வேளை குடித்துவிட்டுத் தாங்கும் குட்டிக்கு இயற்கை அவ்வளவு கெட்டியான பாலை வைத்திருக்கிறது. பசும்பாலில் தண்ணீரும் கலந்து கொடுக்கும்போது, வயிறு நிறைந்தும் சத்து சேர்வதில்லை. செரிக்காத பால்சர்க்கரை குடலில் புளித்து, வயிறு உப்பி, கழிச்சல் கண்டு, இரண்டாம் மூன்றாம் நாளில் குட்டி போய்விடுகிறது. ஆட்டுப்பால் நல்லது என்று பலர் சொல்வார்கள். அதிலும் பால்சர்க்கரை பசும்பாலைவிடச் சற்றே குறைவு, அவ்வளவுதான். வேறு எதுவும் கிடைக்காத ஓரிரவுக்கு அதைத் தண்ணீர் கலக்காமல் கொடுக்கலாம். அதையே தொடரக் கூடாது. செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் பூனைக்குட்டிகளுக்கான பால்பவுடர்தான் நம் கைக்கு எட்டும் பொருள்களில் முயல் பாலுக்கு ஓரளவு நெருங்கியது. அது கிடைக்காவிட்டால் நாய்க்குட்டிகளுக்கான பால்பவுடர். இவையும் முயல் பாலுக்கு முழு ஈடாகாது.

அளவைப் பொறுத்தவரை நான் கடைப்பிடிக்கும் விதி, ஒரு வேளைக்கு 100 கிராம் உடல் எடைக்கு 5 மில்லிக்கு மேல் போகாமல் இருப்பது. காலையில் ஒன்று, பொழுது சாய்ந்த பிறகு ஒன்று என இரண்டு வேளை போதும். மிகவும் நலிந்த குட்டிக்கு மட்டும் அதே மொத்த அளவை மூன்று வேளையாகப் பிரிக்கலாம். இரண்டு மணிக்கு ஒருமுறை ஊட்டுவது மனிதக் குழந்தைக்கான வழக்கம். முயல் குட்டிக்கு அது செரிமானத்தையும் கெடுக்கும், ஒவ்வொரு முறையும் கையில் எடுக்கும்போது ஏற்படும் அச்சத்தால் உயிரையும் குறைக்கும். கவ்வி எடுப்பவை எல்லாம் தின்பவை என்றுதான் அந்தக் குட்டியின் உடம்புக்குத் தெரியும். பயத்தாலேயே முயல் சாகும் என்பது வெறும் பேச்சில்லை.

ஊட்டும் விதத்தில்தான் பெரும்பாலானோர் தவறு செய்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில் ஓர் அம்மா, தன் முந்தானையில் பொதிந்து கொண்டுவந்த ஒற்றைக் குட்டியை, கைக்குழந்தையைப் போல மல்லாக்கப் பிடித்து, இங்க் ஃபில்லரால் நானே பால் ஊட்டினேன். ஆவலோடு குடித்தது. நான்காவது சொட்டோ ஐந்தாவது சொட்டோ போனபோது மூக்கின் இரு துளைகளிலும் பால் நுரை வந்தது. தலைகீழாகச் சாய்த்துத் துடைத்தேன். அன்றிரவு அது மூச்சு விடும்போது நெல் பொரிவது போன்ற மெல்லிய சத்தம் கேட்டது. விடிவதற்குள் இறந்துவிட்டது. நுரையீரலுக்குள் போன பால் அதைக் கொன்றது, பசி அன்று. அந்த அம்மா மறுநாள் வந்து கேட்டபோது நான் நின்ற நிலை இன்றும் நினைவிருக்கிறது. ஆகவே குட்டியை மேசைமேல் விரித்த துணியில் நான்கு காலும் ஊன்றி, தலை மட்டும் சற்று உயர்ந்து இருக்கும்படி வையுங்கள். 1 மில்லி சிரிஞ்சை ஊசி இல்லாமல் எடுத்து, நுனியை வாயின் பக்கவாட்டில் வைத்து, ஒரு சொட்டு வெளியே தள்ளி, அது நக்கி விழுங்கிய பிறகு அடுத்த சொட்டைத் தள்ளுங்கள். ஒரு மில்லிக்கு இரண்டு நிமிடம் ஆனாலும் ஆகட்டும். மூக்கில் பால் தெரிந்தால் அந்த வேளையை அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

ஒவ்வொரு முறை ஊட்டுவதற்கு முன்பும், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றிலிருந்து மலவாய் வரை மெதுவாக வருடுங்கள். தாய் நக்கிவிடுவதற்கு ஈடான இந்தத் தூண்டுதல் இல்லாமல் முதல் வாரத்துக் குட்டிகளில் பல சிறுநீர் கழிப்பதில்லை. பெட்டி உயரமாக, இருட்டாக, காற்று வரும்படி, நாய், பூனை, தொலைக்காட்சி, குழந்தைகளின் கூச்சல் ஆகியவற்றிலிருந்து விலகி இருக்க வேண்டும். பூந்துவாலை விரிக்காதீர்கள், நகம் மாட்டிக்கொள்ளும். தினமும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதி வையுங்கள். கண்ணால் பார்த்து ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்வதை நம்பாதீர்கள்; இரண்டு நாள் தொடர்ந்து எடை குறைந்தாலோ, வயிறு முரசு போல உப்பினாலோ, பல்லை நறநறவென்று கடித்தபடி கூனி உட்கார்ந்தாலோ பாலை நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும். சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஒன்று பயணத் தொலைவில் இருந்தால் அங்கே போவது நல்லது.

பக்கத்து வீட்டு வளர்ப்பு முயலிடம் விடலாமா என்பதற்கு என் பதில், வேண்டாம். பண்ணை முயலுக்குப் பண்ணை முயலின் குட்டியை மாற்றி விட்டால் அது ஏற்பது உண்டு. இதுவோ வேறு பேரினம். ஈனும் முறை முதல் வளரும் வேகம் வரை எல்லாமே வேறு. கூண்டுக்குள் கண் திறந்து ஓடும் அயல் குட்டியைக் கண்டால் அந்தத் தாய் கடித்துக் குதறவும் கூடும். பண்ணை முயல்களில் பரவலாக இருக்கும் இரத்தக்கழிச்சல் போன்ற நோய்கள் தொற்றும் அச்சமும் உண்டு. காட்டிலிருந்து வந்த உண்ணி அந்தக் கூண்டுக்குப் போகும் அச்சமும் உண்டு. ஆரோக்கியமான பண்ணை முயலின் மென்புழுக்கையை, அதாவது முயல் தானே திரும்பத் தின்னும் மென்மையான புழுக்கையை, கரைத்துச் சிறிதளவு ஊட்டினால் குடல் நுண்ணுயிர் அமையும் என்று சிலர் செய்கிறார்கள். அதன் பயன் எனக்கு இன்னும் ஐயத்துக்குரியதாகவே இருக்கிறது. நோயையும் சேர்த்துக் கொடுத்துவிடும் என்பதால் நான் செய்வதில்லை.

சட்டத்தையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். வளர்ப்பு முயலை வைத்திருப்பதில் தடை ஏதுமில்லை. கருங்கழுத்து முயலோ 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் விலங்கு. நல்ல எண்ணத்தோடு எடுத்து வந்திருந்தாலும் அதை வீட்டில் வளர்ப்பது குற்றமாகும். கைக்கு வந்த காட்டுயிரைப் பற்றி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது அச்சட்டம் சொல்வது. குட்டிகளைத் திரும்ப விட்டும் தாய் வராவிட்டால், உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்துக்கு நாளைக் காலையே தகவல் சொல்லிவிடுங்கள். அவர்கள் வந்து எடுக்கும்வரை மேலே சொன்னபடி பார்த்துக்கொண்டால் போதும். மறைத்து வைத்து வளர்த்து, மூன்றாவது வாரத்தில் சிக்கல் முற்றிய பிறகு கொண்டுவருவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

வனத்துறையின் அறிவுரையின் பேரில் சில வாரம் உங்களிடமே இருக்க நேர்ந்தால், இரண்டாவது வாரத்திலிருந்து பெட்டியில் அருகம்புல்லும் சிறிது குதிரைமசாலும் வேரடியிலிருந்து மண் உதறிப் போட்டு வையுங்கள். பூச்சிமருந்து அடித்த வயலின் புல்லாக இருக்கக் கூடாது. கேரட், முட்டைக்கோஸ், பிஸ்கட், சோறு எதுவும் வேண்டாம். புல் தின்னத் தொடங்கியதும் பாலை ஒரேயடியாக நிறுத்தாமல், காலை வேளையை முதலில் விட்டு, மாலை வேளையை மட்டும் தொடர்ந்து, ஏறக்குறைய ஐந்தாவது வாரத்தில் முடிக்கலாம். அந்த நாள்களில் பெயர் வைத்துக் கூப்பிடவும், மடியில் வைத்துக் கொஞ்சவும் உங்கள் பிள்ளைகளுக்கு ஆசை வரும், தடுத்துவிடுங்கள். மனிதரைக் கண்டு ஓடாத முயல் வயலில் ஒரு நாள்கூடத் தாங்காது. புல்லை மட்டுமே தின்று எடை கூடி, நீங்கள் பெட்டியைத் திறந்தாலே மூலைக்குத் தாவும் நிலை வந்த பிறகு, வனத்துறையினரிடம் சொல்லிவிட்டு, எடுத்த இடத்துக்கு அருகே, நாய் நடமாட்டம் இல்லாத புதர் ஓரமாக, மசங்கும் நேரத்தில் பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். அவை உடனே வெளியே வராமல் நெடுநேரம் உள்ளேயே படுத்திருக்கலாம். தட்டி வெளியேற்றாதீர்கள், பெட்டியை மறுநாள் காலை போய் எடுத்துக்கொள்ளலாம்.